செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம்: கொதிக்கும் வண்டியில் பதினெட்டு மைல்

போன மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலை ஏழு மணிக்கு, என் தம்பி சுந்தரமும் நானும் செங்கல்பட்டிலிருந்து எங்கள் பழைய காரில் மகாபலிபுரம் போனோம். பதினெட்டு மைல் தூரம். பஸ்ஸில் போனால் ஒன்றேகால் மணி நேரம், பத்து அணா. காரில் எங்களுக்கு நாலேகால் மணி நேரம் ஆயிற்று. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் வயதான காரை வைத்துக்கொண்டு இந்தச் சாலையில் போக ஆசைப்படுகிறவர்கள் இந்த ஜில்லாவில் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உபயோகப்படட்டும் என்று எழுதுகிறேன். நடுநடுவே என் சொந்தக் கதையும் வரும். அது வேண்டாதவர்கள் மைல் கணக்கையும் செலவுக் கணக்கையும் மட்டும் படித்துக்கொண்டு போகலாம்.

கார் என் கணவருடையது. ஏரி மராமத்து வேலையில் ஓவர்சியராக இருந்தார். சுதந்திரம் வந்த கையோடு ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கினார். வாங்கும்போதே அதற்குப் பன்னிரண்டு வயது. அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அதுவரை ஓடிய வண்டி அன்றோடு கொட்டகையில் நின்றுவிட்டது. இப்போது என் கொழுந்தனாருக்கு எருமை வாங்கும் யோசனை வந்திருக்கிறது, கொட்டகை வேண்டுமாம். வேலூரில் இருக்கும் சுந்தரம், "நான் ஓட்டிக்கிறேன் அக்கா" என்று வந்து சேர்ந்தான். கொண்டுபோகுமுன் ஒரே ஒரு தடவை மகாபலிபுரம் போய் வரலாம் என்று கேட்டேன். பெருமாளைச் சேவிக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

உண்மைக் காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பதினான்கு பேர். பெரியவர்கள் இருக்கும் இடத்தில் பெண்டாட்டியும் புருஷனும் நின்று பேசுகிற வழக்கம் இல்லை. ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு பெண்களுக்கு இலை. பத்து மணிக்கு விளக்கை அணைத்தால் மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமுவார். என் புருஷன் என்னிடம் வீட்டில் பேசியதையெல்லாம் சேர்த்தால் "வெந்நீர்", "குடை எங்கே", "வரேன்" என்பதைத் தாண்டாது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காக மாமியார் ஒரு வேண்டுதல் வைத்தார்: பௌர்ணமிதோறும் நாங்கள் இருவரும் மகாபலிபுரம் போய்க் கடலில் குளித்துப் பெருமாளைச் சேவித்துவிட்டு வர வேண்டும். ஏழு வருஷம் போனோம். நாலைந்து வருஷத்துக்குப் பிறகு குழந்தையைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை, ஆனால் பிரயாணத்தை நிறுத்தச் சொல்லவும் யாருக்கும் மனம் வரவில்லை.

ஏழு வருஷமும் போகும்போது கார் மூன்று இடங்களில் கொதித்தது. ஐந்தாவது மைலில் ஏரிக்கரை ஆலமரத்தடியில் ஒருமுறை, திருக்கழுக்குன்றம் குளத்தங்கரையில் ஒருமுறை, பூஞ்சேரிப் பனைமரங்களுக்கு அருகே ஒருமுறை. கொதித்த எஞ்சின் ஆற அரை மணி நேரம் ஆகும். அவர் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஜமக்காளத்தை விரிப்பார். நாங்கள் உட்கார்ந்து பேசுவோம். என் பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் பேச்சு என்று நடந்ததெல்லாம் அந்த அரை மணி நேரங்களில்தான் நடந்தது. அவர் போனதிலிருந்து ஒரே கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது. கொதிக்காத கார் ஒன்று எங்களுக்கு வாய்த்திருந்தால், அந்த மனுஷர் ஒரு நாளாவது என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாரா? என்னோடு இருக்கப் பிடித்து உட்கார்ந்தாரா, அல்லது வண்டி நகராததால் உட்கார்ந்தாரா? கேட்பதற்கு ஆள் போய்விட்டார். உட்கார்ந்த இடங்களையாவது இன்னொரு தடவை பார்க்கலாம் என்றுதான் கிளம்பினேன்.

இனி பிரயாணம். சுந்தரம் மூன்று நாள் வண்டியோடு மல்லுக்கட்டினான். ரேடியேட்டரில் இரண்டு வருஷத் துரு. சலவைச் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, ஆறிய பிறகு திறந்து விட்டான். முதல் தடவை வந்த தண்ணீர் காப்பிக் கஷாயம் போலிருந்தது. நாலாவது தடவை தெளிந்தது. மேல் குழாயும் கீழ்க் குழாயும் வெடித்திருந்தன. புது ரப்பர் குழாய்கள் மூன்றரை ரூபாய். பெட்ரோல் ஒன்றரை காலன், நாலரை ரூபாய். "இனிமே கொதிச்சா என் பேரை மாத்திக்கிறேன் அக்கா" என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

ஐந்தாவது மைலில் பேரை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. மணி ஏழு முப்பத்தைந்து. சரியாக அதே ஆலமரம் இல்லை, ஒரு பர்லாங்கு முன்னாலேயே புஸ்ஸென்று ஆவி கிளம்பிவிட்டது. சுந்தரம் இறங்கிச் சக்கரத்தை ஓர் உதை விட்டான். எனக்கு மட்டும் உள்ளூர அப்படி ஒரு சந்தோஷம். "நீ உட்கார். அரை மணி நேரம் மூடியைத் தொடாதே" என்றேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஆறிய பிறகு ஈரத் துணியைப் போட்டு மெல்லத் திறக்க வேண்டும். அதன் பிறகும் எஞ்சினை ஓட விட்டுக்கொண்டு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் இரும்பு வெடித்துவிடும். இதெல்லாம் அவர் எனக்குச் சொன்னது.

நான் ஆலமரம் வரைக்கும் நடந்து போனேன். ஏரியில் பாதித் தண்ணீர். கரையில் யாரோ கதிர்க்கட்டுகளை இறக்கி வைத்திருந்தார்கள். இந்த இடத்தில்தான் அவர் முதல் தடவையாக, "நேத்து நீ என்ன சாப்பிட்டே?" என்று கேட்டார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்தரிக்காய்க் குழம்பு என்றேன், எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்றும் சொன்னேன். "பிடிக்காதா?" என்று ஏரியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். அதற்கடுத்த வாரம் சந்தையிலிருந்து வந்த பையில் கத்தரிக்காய் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. மாமியார் கேட்டதற்கு அவர், கத்தரிக்காயில் புழு என்றார். அந்த ஆலமரத்தடியில் நின்றுகொண்டு நான் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். சுந்தரம் தூரத்தில் இருந்ததால் தெரியவில்லை.

மறுபடி கிளம்பும்போது எட்டே கால். சாலை அங்கங்கே பல்லிளித்துக்கொண்டிருந்தது. மணிக்குப் பத்து மைலுக்கு மேல் போக முடியவில்லை. வழியில் மாட்டு வண்டிகள் வேறு. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்துக்கு ஒன்பது மைல். உள்ளே நுழைந்தபோது எட்டே முக்கால். குளத்தங்கரையைத் தொட்டதும் மறுபடி கொதித்தது. சுந்தரத்துக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. காப்பி கிளப்பில் ஆளுக்கு நாலு இட்லியும் காப்பியும் வாங்கிக் கொடுத்து ஆற்றினேன். மொத்தம் பன்னிரண்டு அணா. காப்பி சுமார், சட்னி நன்றாக இருந்தது.

குளத்துக்கு அடுத்த தெருவில் காதர் பாயின் பட்டறை. லாரி, பஸ், தண்ணீர் இறைக்கும் எஞ்சின் என்று எல்லாவற்றையும் பார்ப்பார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதும் வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்தார்.

"அட, ஓவர்சியர் ஐயா வண்டியாச்சே இது! ஐயா வரலியா? எப்டி கீறாரு?"

சொன்னேன். பாய் தலையில் இருந்த தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு யாரும் சொல்லலியேம்மா. ரெண்டு வருசமா ஐயாவ காணோமே, மாத்தலாயி பூட்டாரு போலன்னு நெனச்சிக்கினு கீறேன்."

அப்புறம் வண்டிக்கு அருகில் போய்ப் பானெட்டைத் தூக்கினார். ரேடியேட்டரைப் பார்த்தார், குழாய்களைத் தடவிப் பார்த்தார். விசிறியை ஓட்டும் பெல்ட்டைக் கட்டை விரலால் ஓர் அமுக்கு அமுக்கினார். அது இரண்டு அங்குலம் உள்ளே போயிற்று.

"இன்னா தம்பி, துணி காயப் போடற கவுறு கணக்கா தொங்கிக்கினு கீது? ரேடியேட்டர கழுவினியே, இத்த பாத்தியா?"

"சுத்திக்கிட்டுத்தானே பாய் இருந்தது?" என்றான் சுந்தரம்.

"சுத்தும்ப்பா, வழுக்கிக்கினு சுத்தும். காத்து எங்கேந்து வரும்? மெதுவா போறப்ப ரேடியேட்டருக்கு அந்த விசிறி காத்துதான் சோறு. அது இல்லன்னா பேஜாருதான்."

சுந்தரத்தின் மூன்று நாள் மெக்கானிக் வேலை அதோடு போயிற்று. அதே பெல்ட் சுற்றுகிற டைனமோவைத் தாங்கும் இரும்புப் பட்டையில் நீளமான துளை ஒன்று இருக்கிறது. அதிலுள்ள போல்ட்டைத் தளர்த்தி, டைனமோவை வெளிப்பக்கம் தள்ளி மறுபடி முடுக்கினால் பெல்ட் இறுகும். ஸ்பானர் ஒன்று போதும், கால் மணி நேர வேலை. பாய் போல்ட்டைத் தளர்த்திவிட்டுத் துணியால் அந்தப் பட்டையைத் துடைத்தார். பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தார்.

"அம்மா, கொஞ்சம் இங்க வந்து பாருங்க. இந்தக் கோடு யாரு போட்டது?"

குனிந்து பார்த்தேன். பட்டையில் இரண்டு கோடுகள். அரத்தால் கீறிய, சுத்தமான, ஒரே நீளமான கோடுகள். உள்ளே ஒன்று, ஓர் அங்குலம் தள்ளி வெளியே ஒன்று. ஏரி மதகில் தண்ணீர் மட்டத்துக்குக் கோடு போடுவாரே, அதே கை. எனக்கு அந்தக் கையை அடையாளம் தெரியாதா?

"வெளிக் கோட்டுல வெச்சா பெல்ட்டு கரீட்டா கீது" என்று பாய் வைத்துக் காட்டினார். "உள் கோட்டுல வெச்சா லூசு. இன்னிக்கி நீங்க வரசொல்ல அங்கதான் இருந்திச்சி. ரெண்டு எடமும் பாருங்க, பெயிண்டு போயி பளபளன்னு தேஞ்சி கீது. இந்த போல்ட்ட எத்தினியோ வாட்டி அப்பால இப்பால மாத்திக்கினே இருந்திருக்காங்க. சரி, இறுக்கறதுக்கு ஒரு கோடு போடலாம். லூசு பண்றதுக்கு எதுக்கும்மா கோடு?"

நான் அந்த உள் கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன்.

"ஐயா வேலையா தனியாவும் இங்க வருவாருல்ல, அப்பல்லாம் வண்டி சில்லுன்னு வரும்மா. பவுர்ணமிக்கு உங்கள இட்டுகினு வரசொல்லத்தான் கொதிக்கும். நாங்ககூட சிரிச்சிக்குவோம், தப்பா நெனச்சிக்காதீங்க. நான் பாக்கட்டுமா சார்னு ரெண்டு மூணு வாட்டி கேட்டேன். 'தொடாதே பாய், தானா ஆறிடும்'னுட்டாரு. காசுக்குப் பாக்கறாருன்னு நெனச்சேன்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். காசுக்குப் பார்க்கிற மனுஷர் என்று ஏழு வருஷமும் நினைத்தேன். திங்கட்கிழமைதோறும் இதே வண்டியில் கருங்குழி ஏரி வேலைக்குப் பதினைந்து மைல் போனார். ஒரு நாளும் கொதித்தது என்று வந்து சொன்னதில்லை, ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் புத்தி இல்லை. கடைசியாகப் போன பௌர்ணமியன்று பூஞ்சேரியில் நான் அவரை, "ஒரு காரைச் சரி பண்ணத் துப்பில்லை, ஊர் ஏரியெல்லாம் சரி பண்ணக் கிளம்பிட்டீங்களாக்கும்" என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் சிரித்தார். "நல்ல வண்டிதான்" என்றார். அதற்கு மூன்றாம் நாள் மார்வலி வந்து போய்விட்டார். போல்ட் உள் கோட்டிலேயே நின்றுவிட்டது.

ஒருவர் தன் பெண்டாட்டியோடு உட்கார்ந்து பேசக் காரைக் கொதிக்க வைக்க வேண்டுமா என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். நிறுத்தினால் நிற்காதா வண்டி? நிற்கும். ஆனால் இந்தச் சாலையில் போகிற பஸ்ஸிலெல்லாம் எங்கள் தெருக்காரர்கள் நாலு பேராவது இருப்பார்கள். ஓவர்சியர் பட்டப்பகலில் மரத்தடியில் பெண்டாட்டியோடு கொஞ்சிக்கொண்டிருந்தார் என்ற செய்தி எங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேரும். பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். பஸ் டிரைவரே, "இன்னா சார், கொதிச்சிக்கிச்சா?" என்று பரிதாபப்பட்டுக்கொண்டு போவார். வீட்டிலும் ஏன் நேரமாயிற்று என்ற கேள்வி இல்லை. எல்லாவற்றையும் அளந்து செய்கிற மனுஷர் இதையும் அளந்துதான் செய்திருக்கிறார்.

பாய் வெளிக் கோட்டில் வைத்து முடுக்கினார். பெல்ட் இப்போது அரை அங்குலம்தான் அமுங்கியது, அதுதான் கணக்கு. மறுபடி ஒரு தடவை தண்ணீர் மாற்றி, விசிறித் தண்டுக்கு எண்ணெய் விட்டு, ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். காசு வேண்டாம் என்றார். இரண்டு ரூபாயை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். பத்து ஐம்பதுக்குக் கிளம்பினோம்.

அதற்கப்புறம் வண்டி பறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மீதி ஒன்பது மைல், இருபத்தைந்து நிமிஷம். சவுக்குத் தோப்புகள் வந்தன, போயின. பூஞ்சேரிப் பனைமரங்கள் வந்தன. ஆவி வருமா என்று ரேடியேட்டர் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொட்டு ஆவி இல்லை. கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதற்குள் பனைமரங்கள் பின்னால் போய்விட்டன. "பார்த்தியா அக்கா, எப்படிப் போகுது!" என்றான் சுந்தரம். நன்றாகப் போகிறது என்றேன்.

மகாபலிபுரத்தில் பதினொன்றேகால் மணிக்கு இறங்கினோம். காரைக் கோயிலுக்கு எதிரே நிழலில் விடலாம். கடற்கரை வரை கொண்டுபோனால் மணலில் சக்கரம் புதையும். கல் ரதங்களைப் பார்க்கத் தெற்கே அரை மைல் நடக்க வேண்டும். உச்சி வெயிலில் பாறை காலைப் பொசுக்கும், ஆகையால் செருப்பு அவசியம். சாப்பாட்டுக்குப் பெரிய வசதி கிடையாது. நாங்கள் கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டோம். இளநீர் இரண்டணா. கடலில் இறங்குகிறவர்கள் கடலோரக் கோயிலுக்கு நேரே இறங்க வேண்டாம், பாறை இருக்கிறது. வடக்கே செம்படவர்கள் கட்டுமரம் ஏற்றி வைத்திருக்கும் பக்கம் பரவாயில்லை.

சுந்தரம் குளிக்கப் போனான். நான் பெருமாளைச் சேவித்தேன், வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை. காருக்குத் திரும்பி வந்தேன். யாரும் இல்லை. இருக்கைக்கு அடியில் இருந்த சாமான் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தேன். காலையில் பார்த்த வேலைதானே. போல்ட்டைத் தளர்த்துவதற்குள் உள்ளங்கை சிவந்துவிட்டது. டைனமோவை உட்பக்கம் தள்ளினேன். உள் கோடு நேராக வந்ததும் முடுக்கினேன். புடவை முந்தானையெல்லாம் கிரீஸ். ஏன் செய்தேன் என்று கேட்டால், திரும்பும்போது வண்டி எங்கேயாவது நிற்க வேண்டும் என்றிருந்தது. ஒரு தடவையாவது, இதெல்லாம் தெரிந்த பிறகு ஒரு தடவையாவது, அப்படி உட்கார வேண்டும் என்றிருந்தது.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். பூஞ்சேரியில் கொதிக்கும் என்று எதிர்பார்த்தேன். ஊரை விட்டு இரண்டு மைல்கூட ஆகவில்லை, எப்படிக் கொதிக்கும்? ஆறாவது மைலில் கொதித்தது. அங்கே மரமும் இல்லை, குளமும் இல்லை. இரண்டு பக்கமும் அறுத்து முடித்த வயல், நடுவில் வெயில். ஏழு வருஷத்தில் அந்த இடத்தில் நாங்கள் நின்றதேயில்லை.

சுந்தரத்துக்கு வந்ததே கோபம். "அந்த பாயை என்ன செய்யறேன் பார்! ரெண்டு ரூபாயையும் வாங்கிக்கிட்டு, பல்லை இளிச்சிக்கிட்டு... போற வழிதானே, வண்டியை நேரே அவன் பட்டறை வாசல்ல நிறுத்தறேன்" என்று கத்தினான்.

ஒரு நல்ல மனுஷர் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"பாய் மேல தப்பில்லை. நான்தான் லூஸ் பண்ணினேன்."

"யாரு, நீயா?"

"நான்தான். நீ குளிக்கப் போனப்போ."

என் முந்தானையைப் பார்த்தான். கையைப் பார்த்தான். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைத்திருப்பான்.

"எதுக்கு அக்கா?"

"வழியில கொஞ்ச நேரம் உட்காரணும் போல இருந்தது."

"அதுக்கு எதுக்கு அக்கா போல்ட்டைக் கழட்டினே? நிறுத்துடான்னு சொன்னா நான் நிறுத்த மாட்டேனா?"

சாதாரணமாகத்தான் கேட்டான். நிறுத்துங்கள் என்று நான் அவரிடம் சொன்னதில்லை. எண்பது தடவைக்கு மேல் இந்தச் சாலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். ஒவ்வொரு பௌர்ணமியும் எங்கே கொதிக்கும், எப்போது கொதிக்கும் என்று ஆசையோடு காத்திருந்திருக்கிறேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவராகக் காரணமில்லாமல் நிறுத்தியிருந்தால், "எதுக்கு நிறுத்தினீங்க? நேரமாகுது, அத்தை தேடுவாங்க" என்று முதலில் கேட்டிருக்கக்கூடியவளும் நான்தான். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அரை மணி நேரம் காரின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். சுந்தரம் நல்லவன், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் அவனிடம் பேச ஒன்றும் இல்லை. ஆறியதும் தண்ணீர் ஊற்றி, போல்ட்டை வெளிக் கோட்டுக்கு மாற்றினான். பாயின் பட்டறையைத் தாண்டும்போது இறங்காமலே கும்பிட்டான். ஐந்தரைக்கு வீடு வந்தோம். மறுநாள் வண்டி வேலூர் போயிற்று. கொதிக்கவே இல்லை என்று கார்டு எழுதியிருக்கிறான்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு: கொதித்தால் உடனே ரேடியேட்டர் மேல் பாயாதீர்கள். முதலில் பெல்ட்டைக் கட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. துரு இருந்தால் சோடாத் தண்ணீர். குழாய்களை வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில் பட்டறை கிடையாது, இரண்டு டின் தண்ணீர் கூடவே இருக்கட்டும். காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவது நல்லது.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகிற பெண்களுக்கும் ஒன்று உண்டு. நிழலாக ஓர் இடம் வந்தால் நிறுத்தச் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. நான் சொல்லாததால், ஒவ்வொரு பௌர்ணமியும் வீடு விழிப்பதற்கு முன்பே அந்த மனுஷர் எழுந்து, சத்தம் கேட்காமல் கொட்டகைக் கதவைத் திறந்து, ஸ்பானரைத் தேடி எடுத்திருக்கிறார்.